பொழுது சாய்ந்தபின் தின்ற குதிரை

எங்கள் வீட்டுக் குதிரை கொட்டகைக் கதவைத் தின்றது. சும்மா கடித்துப் பார்த்தது என்று நினைத்துவிட வேண்டாம். விளிம்பிலிருந்து தொடங்கி, முறுக்கு கடிப்பதுபோல நிதானமாகத் தின்றது. அது வேப்பமரக் கதவு. கசப்பைக்கூட அது பொருட்படுத்தவில்லை. செஞ்சியில் எங்கள் தெருவில் அந்தக் கதவை வந்து பார்க்காதவர்கள் கிடையாது. பார்த்த ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அப்போது நான்காம் வகுப்பு. எனக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த காலம் என்பதால் குதிரைக்கும் ஈறு நமைக்கிறது என்று நான் உறுதியாகச் சொன்னேன். என் காரணமும் தப்பு, ஊர் சொன்ன காரணங்களும் தப்பு. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி உண்டு.

குதிரையை வாங்கியவர் சித்தப்பா. அதற்கு முன்னால் அவர் வண்ண மீன் வளர்த்தார், காளான் போட்டார், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தார். மூன்றும் மூன்று விதமாகக் கையைக் கடித்தன. எங்கள் ஊரில் குதிரை என்று சொன்னால் எல்லோருக்கும் கோட்டை ராஜா கதை நினைவுக்கு வரும். சித்தப்பாவுக்குக் கல்யாண மண்டபம் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு இப்போதெல்லாம் கார் அலுத்துவிட்டது, குதிரைதான் கேட்கிறார்கள் என்றார். என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா மணிலாக் கொட்டை வியாபாரம் செய்தவர், எதையும் கையில் அள்ளி எடைபார்த்துத்தான் பேசுவார். தம்பியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யானைய கட்டித் தீனி போட நம்மால ஆவாது" என்றார்.

"இது யானை இல்லண்ணா, குதிரை."

"தீனி திங்கும் இல்ல?"

அந்தப் பேச்சை முடித்து வைத்தது அத்தை. நைனாவுக்கும் மூத்தவள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து அடுக்களைச் சாவி அவள் இடுப்பில்தான். அத்தை குதிரையைச் சுற்றி வந்தாள். வெள்ளை நிறம், மினுமினுப்பான உடம்பு, பின்பக்கம் இரண்டு பூசணிக்காயை வைத்ததுபோல இருந்தது. "புல்லு தின்ற ஜீவன். யாருக்கும் பாவமில்ல. இருந்துட்டுப் போவுது" என்றாள். வெள்ளச்சி என்று பெயரும் அவளே வைத்தாள். சாட்டை மட்டும் வாசற்படி தாண்டி உள்ளே வரக் கூடாது என்றாள். சித்தப்பா ஒப்புக்கொண்டார். அந்த ஒரு நிபந்தனைதான் வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார், பாவம்.

நாங்கள் சமணர்கள். ஊரில் நயினார் வீடு என்பார்கள். பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் அடுப்பும் எரியாது, வாயும் அசையாது. இருட்டில் சாப்பிட்டால் பூச்சி பொட்டு விழுந்து சாகும், அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்பது முறை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடை, தோசை, கூட்டு என்று எது உண்டோ அதைத் தின்று முடித்துக் கை கழுவிவிட வேண்டும். இதில் எங்கள் தெருவுக்கு மட்டும் ஒரு கூடுதல் சங்கடம். மேற்கே ராஜகிரி மலை நிற்கிறது. ஊருலகத்துக்குச் சூரியன் பூமிக்குப் பின்னால் மறைந்தால் எங்களுக்குக் கோட்டைக்குப் பின்னால் மறையும். பக்கத்து ஊரான வல்லத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் வாசலில் நிழல் விழுந்துவிடும். அத்தை கடிகாரத்தை நம்புகிறவள் அல்ல. மலையைப் பார்ப்பாள், "பொழுது போச்சு, எழுந்திரு" என்பாள். தட்டில் பாதித் தோசை இருந்தாலும் எழுந்திருக்க வேண்டியதுதான்.

வெள்ளச்சி வந்த வாரத்திலேயே அதன் தீனிப் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டாள். வீட்டில் வாயுள்ள எல்லாவற்றுக்கும் படியளப்பவள் அவள், குதிரை மட்டும் விலக்கா? விடிந்ததும் ஊறவைத்த கொள்ளு. அப்புறம் கடலைக்கொடியும் வைக்கோலும். தண்ணீர் துணியில் வடிகட்டித்தான் வைப்பாள், எங்களுக்கு வைப்பதுபோலவே. சாயங்காலம் இன்னொரு தரம் தவிடும் கொஞ்சம் புல்லும். மலைக்குப் பின்னால் பொழுது இறங்கியதும் தொட்டியில் மீந்திருப்பதை ஒரு துரும்பு விடாமல் வழித்தெடுத்து, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாள். சுத்தமாகக் கழுவிய அந்தத் தொட்டியை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மாட்டுக்கொட்டகை வைத்திருந்த எந்த வீட்டிலும் அத்தனை சுத்தமான தொட்டி கிடையாது.

வெள்ளச்சி இளைக்கத் தொடங்கியது. முதலில் பின்பக்கத்துப் பூசணிக்காய்கள் போயின. பிறகு விலா எலும்பு தெரிந்தது. அடிக்கடி கொட்டாவி விட்டது, பல்லை நறநறத்தது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. கதவைத் தின்றது அந்தச் சமயத்தில்தான். கதவுக்குப் பிறகு முளைக்கயிறு, அதற்குப் பிறகு கொடியில் காய்ந்த சித்தப்பாவின் சட்டைக் கை. ஒரு மாப்பிள்ளை வீட்டார் முன்பணத்தோடு வந்து, குதிரையைப் பார்த்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையைக் கேள்விப்பட்டிருக்கிறோம், குதிரை தேய்வதை இப்போதுதான் பார்க்கிறோம் என்று தெருவில் கேலி பேசினார்கள்.

வைத்தியம் சொல்லாதவர்கள் இல்லை. கண்ணேறு என்று மிளகாய் சுற்றினார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற வழியில் எங்கள் தெருவில் இறங்கிய ஒரு அம்மாள், மாட்டுக்கு வாங்கிய அகத்திக்கீரையைக் குதிரைக்கு நீட்டிவிட்டு, இதைத் தின்றால் சரியாகிவிடும் என்று சொல்லி அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். எதிர்வீட்டுப் பால்காரர்தான் அடித்துச் சொன்னார்.

"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? இளைச்ச குதிரைக்குப் போய்க் கொள்ளு போட்டா அது இன்னாத்துக்கு ஆவும்?"

"அப்போ குதிரைக்கு எள்ளா போடுவாங்க?" என்று சித்தப்பா கேட்டார்.

"போட்டுப் பாரேன்."

எள்ளுப் புண்ணாக்கும் வந்தது. வெள்ளச்சி முகர்ந்துவிட்டுத் தும்மியது. சித்தப்பா பழமொழியில் நம்பிக்கை இழந்து, எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார். கொள்ளு போதவில்லை, அதுதான் கோளாறு என்று ஒரு நாள் காலையில் அத்தைக்குத் தெரியாமல் வாளி நிறையக் கொள்ளை எடுத்து வைத்தார். விடிய விடிய வெறும் வாயோடு நின்ற குதிரை அதை மூச்சு விடாமல் விழுங்கியது.

நான் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தபோது அது கீழே விழுந்து புரண்டது. குதிரை படுத்துப் புரண்டால் விளையாடுகிறது என்று நினைத்துச் சிரித்தேன். உடம்பெல்லாம் வேர்வையாக ஊற்றியதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சித்தப்பா அழுதார். பெரிய மனிதர் ஒருவர் அழுவதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்தார்கள். புதிதாக வந்தவர்கள், இளம் வயது, ஸ்கூட்டியில் வந்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார்கள், ஊசி போட்டார்கள். அவ்வப்போது வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்கள். நடுவில் சித்தப்பாவைக் குதிரையைப் பிடித்துத் தெருவில் மெதுவாக நடக்கவிடச் சொன்னார்கள். மாட்டுக்காவது அசை போட வழியுண்டு, குதிரைக்கு வாந்திகூட எடுக்க முடியாது, உள்ளே போனது அந்தப் பக்கமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும் என்றார்கள். கடைசியில் அது வந்தது. தெருவே நின்று பார்த்து மகிழ்ந்த சாணம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிறகு டாக்டரம்மா திண்ணையில்லாத எங்கள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். கொள்ளு, கொடி, வைக்கோல், தவிடு, வடிகட்டிய தண்ணீர்.

"வேளாவேளைக்குப் போடுறீங்களா?"

"வேளை தவறினதே இல்ல."

"கொள்ளைப் பாதியாக் குறைங்க. புல்லு, கொடி நிறைய போடுங்க. மாத்துறதைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. கேரட் குடுக்கலாம்."

"கேரட்டு மண்ணுக்கடியில வெளையறது. எங்க வூட்டுக்குள்ள வராது" என்றாள் அத்தை.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, கேரட் இல்லாவிட்டால் குதிரை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்றார்கள். கிளம்ப எழுந்தவர்கள், அரைகுறையாக நின்ற கதவைப் பார்த்தார்கள். மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

"ராத்திரிக்கு என்ன போடுறீங்க?"

"ராத்திரியா? எங்க வூட்ல யாரும் ராத்திரி சாப்பிட மாட்டோம்."

"அம்மா, நான் குதிரையைக் கேக்கறேன்."

"குதிரையும் எங்க வூட்லதானம்மா இருக்குது?"

டாக்டரம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சித்தப்பா தரையைப் பார்த்தார். நைனா உத்தரத்தைப் பார்த்தார். அத்தை மட்டும் நேராகப் பார்த்தாள். கேள்வியில் என்ன அதிசயம் என்று அவளுக்கு விளங்கவில்லை, எனக்கும்தான்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. மாட்டுக்கு வயிறு பெரிய நெல் குதிர், நிரப்பிவிட்டால் ராத்திரி முழுக்க அசை போட்டுக்கொள்ளும் என்றார்கள். குதிரை அவ்வளவு பெரிதாக இருந்தாலும் வயிறு சின்னது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்கப் பிறந்தது. அதன் வயிற்றில் அமிலம் தின்றாலும் சுரக்கும், தின்னாவிட்டாலும் சுரக்கும். புல் போய்ச் சேராவிட்டால் அது வயிற்றையே அரித்துப் புண்ணாக்கும். அந்த எரிச்சல் தாங்காமல்தான் கதவைத் தின்றிருக்கிறது. "வாய் சும்மா இருக்கவே கூடாதும்மா. ராத்திரியும் முன்னால புல்லு கிடக்கணும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார்கள்.

தாத்தா காலத்திலிருந்து அத்தை காத்த முறை ஒரு பக்கம், குதிரையின் வயிறு ஒரு பக்கம். சித்தப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, உன் மனசு நோவ வேணாம். வித்துடறேன். பாண்டிச்சேரில பீச்சுல பசங்கள ஏத்தறவரு ஒருத்தரு கேட்டுகினே இருக்காரு."

நைனா உடனே அந்த ஆளின் நம்பர் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். அதை எதற்காக அவர் முன்னாலேயே வாங்கி வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளச்சி போய்விடும் என்றதும் நான் ஓடிப்போய் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அதே நேரத்தில் அருமையான யோசனை ஒன்றும் தோன்றியது.

"அத்தே, வெள்ளச்சி நம்மாளா இன்னா? அதுதான் கோயிலுக்கே வர்றதில்லியே. ராத்திரி தின்னட்டுமே."

"வாய மூடுடி. நம்ம கையால போட்டா நாமதான் ஊட்டினோம்."

மறுநாள் காலையில் அத்தை சித்தப்பாவைக் கூப்பிட்டு, ஏரிக்கரைப் பக்கம் அறுகம்புல் அறுத்துக் காயவைத்திருப்பவர்களிடம் கட்டுக் கட்டாக வாங்கி வரச் சொன்னாள். மதியம் சாய்ந்ததும் முற்றத்தில் பழைய வெள்ளை வேட்டியை விரித்தாள். ஒவ்வொரு பிடிப் புல்லையும் அதன்மேல் உதறினாள். எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி என்று விழுந்ததையெல்லாம் ஒன்றுக்கும் நோகாமல் வேட்டியோடு எடுத்துப் போய் வேலியோரம் விட்டுவிட்டு வரச் சொன்னாள். அந்த வேலை எனக்கு. தெருவில் சிரித்தவர்களுக்கு நான் பழிப்புக் காட்டினேன். உதறிய புல்லையெல்லாம் மலைக்கு மேல் பொழுது நிற்கும்போதே தொட்டியில் மலைபோலக் குவித்தாள். தண்ணீரும் வடிகட்டி வைத்தாள். பிறகு மேற்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

"பரிமாறியாச்சு. வெளிச்சத்துல பரிமாறியாச்சு. அது எப்போ சாப்பிட்டு எப்போ கை கழுவுதோ, அது பாடு."

நைனா தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வியாபாரியான அவருக்கே இப்படி ஒரு வழி தோன்றியிருக்காது. எனக்கோ அத்தையின் புத்திசாலித்தனம் தாங்கவில்லை. முறையும் தப்பவில்லை, குதிரையும் பட்டினி இல்லை. பாம்பும் சாகவில்லை, தடியும் முறியவில்லை. வகுப்பில் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி டீச்சரிடம் திட்டு வாங்கினேன்.

பலன் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆனால் கதவு தேய்வது முதலில் நின்றது. பிறகு கொட்டாவி நின்றது. கோடை தொடங்கும்போது விலா எலும்பு மறைந்து பூசணிக்காய்கள் திரும்பி வந்தன. மறுபடி பார்க்க வந்த டாக்டரம்மா, புல்லில் தூசியே இல்லையே, இருமலே வராது, யார் இப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேட்டார்கள். பூச்சிக்காக உதறியது குதிரையின் மூச்சுக்கும் நல்லதாகப் போயிற்று. அத்தை அதற்குப் பெரிதாக மகிழ்ந்துவிடவில்லை. "அதுங்களும் பொழைச்சுது, இதுவும் பொழைச்சுது" என்றாள். வைகாசியில் அனந்தபுரத்தில் ஒரு கல்யாணம். மேளமும் பேண்டும் காதைப் பிளக்க, வெள்ளச்சி அசையாமல் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு போயிற்று. மாப்பிள்ளைதான் நடுங்கினார். பாண்டிச்சேரிக்காரரின் நம்பரை நைனா போனிலிருந்து அழித்துவிட்டதாகச் சித்தப்பா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அதற்குப் பிறகு சித்தப்பா வேறு தொழிலுக்கே போகவில்லை.

அந்தச் சமயத்தில் வீட்டில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அத்தைக்குச் சாயங்காலப் பசி நின்றுபோனது. எங்களோடு உட்காருவாள், பரிமாறுவாள், தன் தட்டைப் போட்டுக்கொள்ள மாட்டாள். மதியம் சாப்பிட்டதே போதும் என்பாள். வயதானால் பசி குறையும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அவள் பங்கு அடை என் தட்டுக்கு வந்ததால் அந்த விளக்கத்தை மேற்கொண்டு ஆராயவும் இல்லை. அம்மா இரண்டொரு தடவை, "போதும்க்கா, எத்தினி நாளைக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டது காதில் விழுந்தது. அடை சுடுவதைப் பற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

சில வருஷங்கள் கழித்துச் சித்தப்பாவுக்கு வல்லத்தில் பெண் அமைந்தது. மாமனாருக்கு ஏரிப் பாசனத்தில் நிலம், வரப்பு நிறைய அறுகு. குதிரைக்கு அதுதான் இடம் என்று வெள்ளச்சியை அங்கேயே கொண்டுபோனார். அன்று சாயங்காலம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டை இழுத்துப் போட்டாள்.

"இன்னா அத்தே, அதிசயமா?"

"பசிக்குதுடி. எனக்கும் ரெண்டு போடச் சொல்லு."

எனக்கு அன்றைக்கு அடை குறைந்தது. குதிரையும் போயிற்று, அடையும் போயிற்று என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா என்னை முறைத்தாள். நைனா பாதியில் கை கழுவிவிட்டுக் காலிக் கொட்டகைப் பக்கம் போனார். கல் மாதிரி இருந்த மனிதருக்கும் குதிரை மேல் இவ்வளவு பாசமா என்று வியந்தேன்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். 'பரிமாறியாச்சு' என்று அத்தை சொன்னது எங்களுக்காகத்தான். தன் மனசை அவள் அப்படி ஏமாற்றிக்கொள்ளவில்லை. தன் கையால் வைத்த புல்லை ஒரு ஜீவன் இருட்டில் தின்கிறது என்றால் அது அவளே தின்றதற்குச் சமம் என்று நினைத்து, அதற்கு ஈடாக, வெள்ளச்சி எங்கள் வீட்டில் இருந்தவரை அவள் அந்தியில் உண்பதை விட்டுவிட்டாள். சித்தப்பாவுக்குத் தெரிந்தால் குதிரையை விற்றுவிடுவார் என்று அம்மாவிடமும் நைனாவிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

எனக்கு நினைவிருக்கிற ஒரு சாயங்காலம் உண்டு. மலைக்கு மேல் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அத்தையின் பங்கு அடையை வெல்லத்தோடு தின்றுகொண்டே, டாக்டரம்மா சொன்ன பாடத்தை அவளுக்கே திருப்பி நடத்திக்கொண்டிருந்தேன். வயிறு காலியாக இருந்தால் சும்மா இருக்காது, உள்ளே எரியும், அதுவும் ராத்திரியில் ரொம்ப எரியும், நாமதான் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரலை ஆட்டிச் சொன்னேன். அத்தை எனக்கு இன்னொரு துண்டு வெல்லம் வைத்தாள்.

"ஆமாண்டி, எரியும்" என்றாள்.

உனக்கெப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.